மாடல் சொன்ன மழை, பெய்த மழை

2024 நவம்பர் கடைசி வாரத்தில் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருந்தவர்களுக்கு அந்த நான்கு நாள் இழுபறி மறந்திருக்காது. வங்கக்கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 27ஆம் தேதி புயலாகிவிடும் என்றார்கள். ஃபெஞ்சல் என்ற பெயர்கூடத் தயாராக இருந்தது. ஆகவில்லை. அப்புறம், புயலாகாமலே கரையேறிவிடும் என்று அறிவிப்பு மாறியது. 29ஆம் தேதி மதியம் பார்த்தால் புயலாகிவிட்டது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் வழக்கம்போல் உள்ளே போய்க் கரையாமல், மறுநாள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. புதுச்சேரியில் 50-ஐ நெருங்கியது. சென்னையில் விமான நிலையத்தையே மூடிவிட்டுக் காத்திருந்தோம். நாங்கள் பயந்த மழை தெற்கே போய் விழுந்தது.

அந்த வாரம் முழுக்க எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் இரண்டு கட்சிகள். ஒன்று ஐரோப்பிய மாடல் கட்சி, இன்னொன்று அமெரிக்க மாடல் கட்சி. மாடல் என்பது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல். ஆளுக்கொரு வண்ணப் படத்தை விண்டி என்ற வானிலைச் செயலியிலிருந்து எடுத்துப் போட்டுச் சண்டை. பத்தாண்டுக்கு முன் "ரமணன் சார் நாளைக்கு லீவு விடுவாரா?" என்று கேட்ட ஊர் இது. இன்று மூன்றாவது மாடித் தாத்தா "ஈசிஎம்டபிள்யூஎஃப் என்ன சொல்லுது?" என்று ஐரோப்பிய வானிலை மையத்தின் சுருக்கப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். நல்ல வளர்ச்சிதான். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரியாமல் படத்தை மட்டும் நம்பினால், நாம் மாடலிடம் அதனால் சொல்லவே முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, சொல்லவில்லை என்று திட்டிக்கொண்டிருப்போம்.

முதலில் ஒரு விஷயம். "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பதும் ஒரு மாடல்தான். பல நூறு வருட அனுபவத்தின் சராசரி அது. எந்தக் கணினியும் இல்லாமல், நவம்பரில் கடலூரில் மழை வரும் என்று சொல்லிவிடும். வானிலை ஆய்வாளர்கள் தங்கள் மாடல்களை மதிப்பிடும்போது இந்தச் சராசரியைத்தான் எதிரில் நிறுத்துகிறார்கள். பழமொழியைவிட நன்றாகச் சொல்லாத மாடலுக்கு மின்சாரச் செலவு வீண். இன்றைய நல்ல மாடல்கள் முதல் ஏழெட்டு நாட்கள் இந்தப் போட்டியில் தெளிவாக ஜெயிக்கின்றன. அதற்கு மேல் போகப் போகப் பழமொழி நெருங்கி வந்துவிடும்.

கணினி மாடல் வேறு வழியில் வேலை செய்கிறது. காற்று எப்படி நகரும், சூடானால் என்ன ஆகும், ஈரப்பதம் எப்போது நீராகும் என்பதற்கெல்லாம் இயற்பியல் சமன்பாடுகள் இருக்கின்றன. இப்போதைய காற்றழுத்தம், காற்று, வெப்பம், ஈரம் ஆகியவை தெரிந்தால், அடுத்த சில நிமிடங்களில் அவை எப்படி மாறும் என்று கணக்கிடலாம். அந்த விடையை எடுத்துக்கொண்டு அதற்கடுத்த சில நிமிடங்கள். இப்படியே பத்து நாள் வரை.

இதை முதலில் கையாலேயே போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, 1910 மே 20 அன்று மத்திய ஐரோப்பாவில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். பழைய தேதியைத் தேர்ந்தெடுத்தது விடையைச் சரிபார்க்க. ஆறு மணி நேரத்துக்கான அந்தக் கணக்குக்கு அவருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. வந்த விடை: அழுத்தம் 145 மில்லிபார் ஏறும். உண்மையில் அன்று அது அசையவே இல்லை எனலாம். 1999 ஒடிசா சூப்பர் புயலின் மையத்தில்கூட அழுத்தம் இயல்பிலிருந்து சுமார் 100 மில்லிபார்தான் இறங்கியது என்றால், அவர் விடை எவ்வளவு அபத்தம் என்று புரியும். அதையும் மறைக்காமல் 1922இல் புத்தகமாகப் போட்டார் மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதுதான்.

பிற்காலத்தில் பீட்டர் லிஞ்ச் என்ற ஐரிஷ் வானிலை அறிஞர் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ரிச்சர்ட்சனின் முறை சரி. கோளாறு ஆரம்பத்தில் ஊட்டிய எண்களில் இருந்தது. காற்றின் அளவும் அழுத்தத்தின் அளவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த முரண்பாட்டைத் தணித்துவிட்டுக் கணக்கிட்டால் விடை நியாயமாக வந்தது. நூறு வருடம் கழித்தும் மாடல்களின் பெரிய தலைவலி இதுவேதான்: வெறும் சமன்பாடு போதாது, ஆரம்பம் சரியாக இருக்க வேண்டும்.

1950இல் அமெரிக்காவின் ஈனியாக் கணினியில் முதல் கணினிக் கணிப்பு நடந்தது. 24 மணி நேரத்துக்கான கணிப்பைப் போட ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. நாளைய வானிலை, நாளைக்கே கையில் கிடைத்தது. நம் ஊருக்கு வந்தால், 1988இல் மத்திய அரசு நடுத்தரகால வானிலைக் கணிப்புக்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கி, அமெரிக்காவிலிருந்து க்ரே சூப்பர் கம்ப்யூட்டரை வாங்கியது. கேட்ட ரகத்தை அவர்கள் தரவில்லை, அதற்குக் கீழானதைத்தான் தந்தார்கள். அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் நம் சொந்த சூப்பர் கம்ப்யூட்டரான பரம் என்பது வேறு கதை. இன்று புனேவில் அர்கா, நொய்டாவில் அருணிகா என்று நம் வானிலைக்கென்றே சூப்பர் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன.

இவ்வளவு பலம் இருந்தும் "என் தெருவில் மழை பெய்யுமா?" என்பதற்கு ஏன் பதில் இல்லை? இங்கேதான் கட்டம் வருகிறது. மாடலால் வளிமண்டலத்தைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடியாது. பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு எண்தான் வைத்துக்கொள்ளும். ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். மேலே 137 அடுக்குகள். மொத்தம் 90 கோடி புள்ளிகள் போல வரும். கேட்க பிரமாண்டம். ஆனால் சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஒரு கட்டம் 81. ஆக எண்ணூர் முதல் சோழிங்கநல்லூர் வரை மொத்தச் சென்னையும் அந்த மாடலுக்கு ஐந்தாறு எண்கள். அம்பத்தூரில் கொட்டி அண்ணா நகரில் தூறலும் இல்லாத மழையை அதில் எங்கே வைப்பது?

போதாக்குறைக்கு, ஒரு கட்டத்தளவு இருக்கும் எதையும் மாடல் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. ஒரு உருவம் தெரிய வேண்டுமானால் அது பல கட்டங்களில் பரவியிருக்க வேண்டும். ஐந்து, பத்து கிலோமீட்டர் அகல இடிமேகம் கட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சரி, கட்டத்தைச் சிறிதாக்கிவிடலாமே? பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு. நேரத்தையும் இன்னும் சின்னச் சின்னத் துண்டாக நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். ஆக எட்டு மடங்கு வேலை. 2025 மே மாதம் இந்தியா 6 கிலோமீட்டர் கட்டத்தில் பாரத் முன்கணிப்பு அமைப்பை அறிமுகப்படுத்தியபோது அது ஏன் பெரிய செய்தியானது என்பது இந்தக் கணக்கில் புரியும். அதிலும் சென்னைக்குக் கிடைப்பது பன்னிரண்டு கட்டம்தான்.

கட்டத்துக்குள் ஒளிந்த மேகத்தை விட்டுவிடவும் முடியாது. மழை தருவதே அதுதான். அதனால் "இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஈரம், இவ்வளவு வெப்பம் இருந்தால் சராசரியாக இவ்வளவு மேகம், இவ்வளவு மழை" என்று ஒரு தோராய விதியை எழுதி வைக்கிறார்கள். சமன்பாடுகள் செய்முறைக் குறிப்பு என்றால் இது கைப்பக்குவம். ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு கை. ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் ஒரே கடலைப் பார்த்து வெவ்வேறு மழையைச் சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கைப்பக்குவ வித்தியாசம். வெப்பமண்டலத்தில் மழை பெரும்பாலும் இப்படிப்பட்ட மேகங்களிலிருந்தே வருவதால், லண்டன் மழையைச் சொல்வதைவிட மயிலம் மழையைச் சொல்வது மாடலுக்குக் கடினம்.

அப்புறம் அந்த ஆரம்ப எண்கள். தரையில் நிலையங்கள், வானில் பலூன்கள், பறக்கும் விமானங்கள், துறைமுகங்களில் ரேடார் எல்லாம் உண்டு. புயல் பிறக்கும் நடுக்கடலில்? பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மிதக்கவிட்டிருக்கும் மிதவைகள் சில, அந்த வழியாகப் போகும் கப்பல்கள், மற்றபடி மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது உலகம் முழுக்க வானிலை மையங்களுக்கு வரும் காற்றுத் தரவு சட்டென்று குறைந்தது. நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் விமானம் வானிலைக்கும் வேலை செய்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆரம்பத்தில் சிறு பிழை இருந்தால் என்ன, முடிவிலும் சிறு பிழைதானே என்று தோன்றும். அப்படியில்லை என்று 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் கண்டார். ஒரு எளிய வானிலை மாடலில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று ஊட்டிவிட்டு வந்து பார்த்தால், கொஞ்ச தூரம் போனதும் முற்றிலும் வேறு வானிலை. பட்டாம்பூச்சி சிறகடித்தால் எங்கோ புயல் வரும் என்ற உவமையைச் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள், அதை விடுவோம். இதிலிருந்து பிறந்த நடைமுறைதான் முக்கியம். ஆரம்பம் துல்லியமாகத் தெரியாது என்றால், தெரிந்த அளவுக்குள் அதைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி மாடலைப் பல முறை ஓட்டிப் பார்ப்போம் என்றார்கள். 1992 முதல் பெரிய மையங்கள் இதைத் தினசரி செய்கின்றன. பெயர் என்செம்பிள். ஐரோப்பிய மையம் ஒவ்வொரு முறையும் 51 தடவை ஓட்டுகிறது. புயல் பாதையை வரைந்தால் 51 கோடுகள். அவை கட்டுக்கோப்பாக ஒரே இடத்தில் கரையேறினால் நம்பலாம். இடியாப்பம் பிழிந்த மாதிரி நெல்லூரிலிருந்து நாகை வரை சிதறினால், அந்தச் சிதறலே செய்தி.

என்னைக் கேட்டால் கணினி மாடல் மனிதனுக்குக் கொடுத்த பெரிய வரம் இந்தச் சிதறல்தான். "எனக்கு எவ்வளவு தெரியாது" என்பதை எண்ணாகச் சொல்லும் ஜோசியர் வேறு யாரும் இதற்கு முன் இருந்ததில்லை. வாட்ஸாப்பில் வருவதோ அந்த 51இல் ஒரு படம். பெரும்பாலும் இருப்பதிலேயே அதிகச் சிவப்பாக இருக்கும் படம்.

ஃபெஞ்சலுக்கு வருவோம். புயல் தானாக நகர்வதில்லை. சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் ஆற்றில் மிதக்கும் சருகைப் போல அதைத் தள்ளிக்கொண்டு போகும். 2016 டிசம்பரில் வர்தாவைத் தள்ள வலுவான காற்று இருந்தது. நேராக வந்தது, சென்னையைக் கடந்தது, போயிற்று. ஃபெஞ்சலைத் தள்ளும் காற்று பலவீனம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய சமமாகத் தள்ளினால் சருகு எந்தப் பக்கம் போகும் என்பது மிகச் சிறிய வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் கடலில் நாம் அளக்காத இடத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவியும் மன்னார் வளைகுடாவில் இப்படித்தான் நின்றுகொண்டு, தான் இருந்த இடத்துக்கு வெகு வடக்கே கடலூர் மாவட்டத்தை மழையில் மூழ்கடித்தது. நிற்கும் புயலில் மழை அளவு நிற்கும் நேரத்தைப் பொறுத்தது என்பதால், பாதையில் 50 கிலோமீட்டர் பிழை மழையில் 30 சென்டிமீட்டர் பிழையாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாடல்களால் பயனில்லை என்று யாராவது நினைத்தால் ஒடிசாவைப் பார்க்கச் சொல்வேன். 1999 அக்டோபர் சூப்பர் புயலில் அங்கே இறந்தவர்கள் கிட்டத்தட்ட 10,000 பேர். 2013 அக்டோபரில் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு 50-க்குள் நின்றது. பாதி பெருமை புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியவர்களுக்கும் வீடு வீடாகப் போய் அழைத்தவர்களுக்கும் உரியது. ஆனால் எங்கே, எப்போது என்று நான்கு நாள் முன்னால் தெரியாமல் 10 லட்சம் பேரை நகர்த்த முடியாது. கணிப்புகள் பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னேறியிருக்கின்றன என்பது துறையில் சொல்லும் கணக்கு: இன்றைய நான்கு நாள் கணிப்பு, பத்து வருடத்துக்கு முந்தைய மூன்று நாள் கணிப்பு அளவுக்குத் துல்லியம். 2018இல் கஜா வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறப் போவதும் முன்பே தெரிந்திருந்தது. தென்னை மரங்களை முகாமுக்கு அழைத்துப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

பாதையில் கெட்டிக்காரத்தனம் காட்டும் மாடல்கள் திடீரென வலுப்பெறுவதில் தடுமாறும். புயலின் உள்வட்டம் சில பத்து கிலோமீட்டர்தான். மறுபடியும் கட்டத்தின் தொல்லை. 2023 அக்டோபரில் மெக்ஸிகோவின் அகாபுல்கோவை ஓடிஸ் தாக்கியதற்கு ஒரு நாள் முன்புவரை அது சாதாரணப் புயலாகவே இருக்கும் என்றன மாடல்கள். இருப்பதிலேயே வலுவான ஐந்தாம் வகைப் புயலாகக் கரையேறியது. 2017 நவம்பரில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி மளமளவென்று புயலானபோது, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை வருவதற்கு நாட்கள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். அவர்களை எட்டும் தொலைத்தொடர்பு இல்லை. அங்கே கணிப்பின் தாமதத்தையும் செய்தி போய்ச் சேராததையும் பிரித்துப் பார்க்கக்கூட முடியாது.

காயல்பட்டினத்தில் நடந்தது இன்னொரு வகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். புயலே இல்லை, ஒரு சுழற்சிதான். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. எச்சரிக்கை எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று மாநில அரசும் மத்திய அரசும் அதற்கப்புறம் மோதிக்கொண்டன. அந்தச் சண்டையில் ஒரு விஷயம் அமுங்கிப் போயிற்று. வானிலை மையத்தின் அகராதியில் 20 சென்டிமீட்டரைத் தாண்டிய எல்லா மழைக்கும் பெயர் "அதி கனமழை". 21-க்கும் அதே பெயர், 95-க்கும் அதே பெயர். ரெட் அலர்ட்டுக்கு மேல் இன்னொரு நிறம் கிடையாது. மாடல்களோ, தாங்கள் ஒரு கட்டத்துக்குள் சராசரி எடுப்பதாலேயே, இப்படிப்பட்ட உச்சங்களைத் தட்டையாக்கிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்திருக்கின்றன. கூகுளின் கிராஃப்காஸ்ட், ஹுவாவேயின் பாங்கு. ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவு மாடலைத் தினசரிப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இவை சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. சுமார் நாற்பது வருட வானிலைப் பதிவைப் படித்து, இதற்கப்புறம் இது வரும் என்று கற்றுக்கொள்கின்றன. சூப்பர் கம்ப்யூட்டரில் மணிக்கணக்கில் ஓடும் வேலை நிமிடங்களில் முடிகிறது. புயல் பாதையைப் பல நேரம் பழைய மாடல்களைவிட நன்றாகச் சொல்கின்றன. என் சந்தேகம் மழையில்தான். கிராஃப்காஸ்டின் கட்டம் சுமார் 28 கிலோமீட்டர். ஒரே கட்டத்தின் பரப்பு மொத்தச் சென்னையின் பரப்பைவிடப் பெரிது. படித்த நாற்பது வருடத்தில் இல்லாத 95 சென்டிமீட்டரை அது எப்படி எதிர்பார்க்கும்? கொஞ்சம் யோசித்தால், ஐப்பசிப் பழமொழியும் இதே முறையில் கற்றதுதான்.

ஒரு விஷயத்தில் வானிலைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தினமும் மறுநாள் வந்து விடைத்தாளைத் திருத்திவிடும். இந்த வசதி, நிஜத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்லாச் சிமுலேஷனுக்கும் இல்லை. கார் மோதலைக் கணினியில் ஆயிரம் தடவை ஓட்டுபவர்கள் கடைசியில் ஒரு நிஜக் காரைச் சுவரில் மோதிப் பார்க்கிறார்கள். தொற்றுநோயை அப்படி மோதிப் பார்க்க முடியாது. மத்திய அரசு அமைத்த கணித மாடல் குழு 2020 அக்டோபரில், 2021 பிப்ரவரிவாக்கில் கொரோனா கட்டுக்குள் வந்துவிடும் என்றது. ஏப்ரலில் இரண்டாம் அலை. புதிய டெல்டா வகைக் கிருமி அந்தச் சமன்பாடுகளில் எங்கும் இல்லை. தவிர, மழையை "வரும்" என்று சொல்வதால் மழை மாறாது. நோயை "குறையும்" என்று சொன்னால் மக்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். கணிப்பே கணக்கைக் கெடுத்துவிடும்.

வானிலைக் கணிப்பை இன்னொரு மாடலுக்கு ஊட்டும்போது வரும் சிக்கலை நம் அணைகளில் பார்க்கலாம். இத்தனை மழை பெய்தால் இந்த ஆற்றில் இத்தனை தண்ணீர், இந்தத் தெருவில் இத்தனை அடி என்று சொல்லும் வெள்ள மாடல்கள் இருக்கின்றன; 2015க்குப் பிறகு சென்னைக்கென்றே ஒன்று செய்யப்பட்டது. மழைக் கணிப்பின் பிழை அங்கே குறைவதில்லை, வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்ற புதிய பிழையும் சேர்ந்துகொள்ளும்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டதும், முன்பே ஏன் படிப்படியாகத் திறக்கவில்லை என்ற கேள்வியும் இன்னும் ஆறவில்லை. ஃபெஞ்சலின் மிச்சம் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தென்பெண்ணையில் போயிற்று. முன்னதாகவே திறந்திருக்கலாம் என்று சொல்வது மறுநாள் சுலபம். முந்தின நாள் அந்தப் பொறியாளர் இடத்தில் இருந்து பாருங்கள். புதுச்சேரியில் நிற்கும் ஒரு புயலின் மிச்சம் எந்தப் பக்கம் நகரும் என்று மாடல்களுக்கே உறுதியில்லை. நிறைந்திருப்பது அடுத்த கோடைக்கான பாசனத் தண்ணீர். ஒரு என்செம்பிள் பத்துக்கு ஆறு வாய்ப்பு என்று சொல்கிறது என்று வையுங்கள். ஆறை நம்பித் திறந்தால், பத்தில் நான்கு தடவை மழை வராது, தண்ணீர் கடலுக்குப் போயிருக்கும், ஏப்ரலில் விவசாயிகள் அலுவலக வாசலில் நிற்பார்கள். அந்த நான்கு தடவைக்கு யார் பதில் சொல்வது என்று எழுதிவைத்த அரசாணை எதையும் நான் பார்த்ததில்லை.